கார் பூட்டில் (பின்பக்க டிக்கியில்) இருக்கும் ஆம்ப் (பாட்டின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கொதிக்கிறதா?
மத்தியான வெயிலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிறுத்திய காரை எடுத்து, ஃபெடரல் ஹைவே ஜாமில் பாட்டை ஏற்றினால் இருபதே நிமிடத்தில் ஆம்ப் அணைந்துவிடுகிறதா? உடனே ஃபேன் வாங்க ஓடாதீர்கள். ஆம்ப் கைபட்டால் சூடாக இருப்பது சகஜம்தான், புரொடெக்ட் விளக்கு (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள எரியும் எச்சரிக்கை விளக்கு) எரிந்து, ஆம்ப் அணைவதுதான் கோளாறு.

முதலில் ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கரின் மின்தடை; இது குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4 ஓம் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) இரண்டைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், அதை பிரிட்ஜ் செய்தால் (ஆம்பின் இரண்டு சேனல்களைச் சேர்த்து அதற்கே கொடுத்தால்) ஒவ்வொரு சேனலும் 1 ஓமைத்தான் பார்க்கும், பெரும்பாலான நான்கு சேனல் ஆம்புகள் இதைத் தாங்காது. என் மைவி காரில் நானே செய்த தப்பு இதுதான், பழியை வெயில்மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, ஓம் ஒழுங்காக இருந்தால் பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரியிலும் ஆம்ப் முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிசு, இல்லாவிட்டால் எர்த் (ஆம்பைக் கார் பாடியோடு இணைக்கும் வயர்) சரியில்லை. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள்.

ஆம்பில் உள்ள கெய்ன் (உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு) சத்தம் கூட்டும் குமிழ் அல்ல. ஒலி கரகரத்தால் குறையுங்கள். அப்புறம், ஆம்பைக் கம்பளத்தால் மூடாதீர்கள். ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போட்டுவிடாதீர்கள், வயரே தீப்பிடிக்கும்.