எல்எஸ்டி பின் அச்சுக்கு எண்ணெய் ஊற்றுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் துவாஸ், பயனியர் வட்டாரப் பட்டறைகளில் புதிதாகச் சேரும் இளைஞர்கள், முன்பு நாங்கள் பார்த்துச் சலித்த அதே தவறுகளைப் பிக்கப் வண்டிகளின் பின் டிஃபரன்ஷியலில், அதாவது இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரப் பெட்டியில், மீண்டும் செய்கிறார்கள். அதில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் வகைதான் எல்எஸ்டி (limited-slip differential). மூடியை இறுக்க மறப்பது, எண்ணெயைக் குறைவாக ஊற்றுவது போன்றவற்றை எவரும் விரைவில் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

"ஜிஎல்-5 தானே, எதை ஊற்றினால் என்ன?"

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தக் கேள்விதான். கியர் எண்ணெய்ப் புட்டியில் இருக்கும் ஜிஎல்-5 என்பது பற்சக்கரங்களைக் காக்கும் தரத்தை மட்டுமே சொல்கிறது; எல்எஸ்டியின் உள்ளே இருக்கும் தட்டுகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தட்டு வகை எல்எஸ்டியில் எஃகுத் தட்டுகளும் உராய்வுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இந்தத் தட்டுகள் மெதுவாக வழுக்கியாக வேண்டும். சாதாரண கியர் எண்ணெயில் அவை ஒட்டிக்கொண்டு, விடுபட்டு, மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். வண்டியின் பின்பகுதி கடகடவென்று அதிரும். அந்த ஒட்டுதலைத் தணிக்கும் உராய்வு மாற்றி எல்எஸ்டி எண்ணெயில் கலந்திருக்கிறது.

கட்டுமானப் பொருள் ஏற்றும் ஒரு பிக்கப், பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் ஒவ்வொரு வளைவிலும் இப்படி அதிர்கிறது என்று எங்களிடம் வந்தது. வேறொரு பட்டறையில் எண்ணெய் மாற்றிய பிறகே அதிர்வு தொடங்கியிருந்தது. ஆனாலும் அங்கே புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைப்பையும் சக்கர பேரிங்கையும் மாற்றிப் பல நூறு வெள்ளி வாங்கியிருந்தார்கள். அச்சின் மேல் காய்ந்திருந்த களிமண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, எல்எஸ்டி எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று சொல்லும் ஒட்டுவில்லை தெரிந்தது. பழைய எண்ணெயை வடித்துச் சரியானதை ஊற்றி, சில வளைவுகள் ஓட்டியதும் அதிர்வு நின்றது. நன்றாக இருந்த பாகங்களுக்காக அந்த உரிமையாளர் கொடுத்த பணம் போனது போனதுதான். ஒரு துணியால் துடைத்துப் பார்க்கும் பொறுமை இருந்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. அதிர்வைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், தட்டுகளின் உராய்வுப் பரப்பு தேய்ந்து டிஃபரன்ஷியலையே பிரிக்க வேண்டியதாகிவிடும்.

உராய்வு மாற்றியை அள்ளி ஊற்றுவது

அதிர்வைக் கண்டு பயந்தவர்கள் அடுத்துச் செய்வது இது. எல்எஸ்டி என்று அச்சிட்ட எண்ணெயில் அது பெரும்பாலும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதற்கு மேலும் ஊற்றினால் தட்டுகள் பிடிக்கவே பிடிக்காமல், சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். ஃபோர்டின் எக்ஸ்எல்-3 உராய்வு மாற்றிக் குப்பியே 118 மில்லிலிட்டர்தான் என்பதிலிருந்து, எவ்வளவு சிறிய அளவில் இது வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

எல்லா எல்எஸ்டியும் ஒன்றல்ல

டோர்சன் போன்ற பற்சக்கர வகையில் தட்டடுக்கு இல்லாததால் உராய்வு மாற்றி பொதுவாகத் தேவைப்படாது. அமெரிக்க ஜிஎம் பிக்கப்களில் வரும் ஈட்டன் ஜி80 பூட்டு வகையில் அதைச் சேர்க்கவே கூடாது. வண்டியின் கையேட்டையும் அச்சின் குறியீட்டையும் பார்த்து வகையை உறுதிசெய்த பிறகே எண்ணெய் வாங்குங்கள்.

குளிர்நாட்டு எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது

புட்டியில் 75டபிள்யூ-90 என்பது போல எழுதியிருக்கும் எண்ணின் முன்பகுதி குளிருக்கானது: 75டபிள்யூ என்பது −40 டிகிரி செல்சியஸிலும், 80டபிள்யூ என்பது −26 டிகிரியிலும் எண்ணெய் எவ்வளவு இளகி இருக்கிறது என்பதைக் குறிக்கின்றன. சிங்கப்பூரில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. இங்கே கவனிக்க வேண்டியது 90, 140 என்ற பின்னெண்ணைத்தான். அதைக் கையேடு சொல்லும்படி எடுங்கள்.

ஜிஎல்-4

ஜிஎல்-5-ஐவிடக் குறைந்த காப்புத் தரம் இது. பின் டிஃபரன்ஷியலில் ஊற்றாதீர்கள்.

வடிக்கும் மூடியை முதலில் திறப்பது

நிரப்பும் மூடி திறக்கிறதா என்று முதலில் பாருங்கள்; அது திறக்காவிட்டால், வடித்த பிறகு புதிய எண்ணெயை ஊற்ற முடியாது.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்து கியர் போடுவது

சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுழலும். எல்எஸ்டியோ தரையில் இருக்கும் சக்கரத்தையும் உந்துவதால், வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். கீழே ஆள் இருக்கும்போது இதைச் செய்பவரை நான் பட்டறையில் வைத்திருக்கமாட்டேன்.

ஊற்றியவுடன் சாவியைக் கொடுத்துவிடுவது

புதிய எண்ணெய் தட்டுகளுக்கு இடையே ஊற வேண்டும். காலியான இடத்தில் வண்டியை மெதுவாக எட்டு வடிவத்தில் பலமுறை ஓட்டுங்கள். அதன் பிறகும் அதிர்ந்தால், எண்ணெயிலேயே உராய்வு மாற்றி கலந்திருக்கிறதா என்று புட்டியைப் படித்துவிட்டு, கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் சிறிது சேர்த்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் தட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.