கணப்பு அடுப்பின் கதவுக் கண்ணாடி: எதைக் கேட்டு வாங்குவது, எப்படி மாட்டுவது

ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர் வந்துவிட்டால், விறகுக் கணப்பு அடுப்பு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி கதவுக் கண்ணாடியைப் பற்றித்தான் இருக்கும். "விரிசல் விட்டுடுச்சு அக்கா. கடையில டஃபன் போட்டுக்கலாம்கிறாங்க, போடலாமா?"

போடக் கூடாது. டஃபன் என்பது அடியைத் தாங்குவதற்காக இறுக்கமாக்கிய கண்ணாடி (toughened glass). அது ஏன் கூடாது, அதற்குப் பதில் எதை வாங்குவது, முதல்முறை செய்பவர்கூட அதை எப்படி மாட்டலாம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். சுவருக்குள் கட்டிய திறந்த கணப்பைப் பற்றிப் பேசவில்லை. கதவும் புகைபோக்கிக் குழாயும் உள்ள இரும்பு அடுப்பைத்தான் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிசல் விட்ட கண்ணாடியோடு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். எரிந்துகொண்டிருக்கும்போது அது கழன்று விழுந்தால் தணல் தரையில் சிதறும், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. குளிருக்காக ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் தூங்கும் மலைவீட்டில் இதில் விளையாடவே கூடாது. புதுக் கண்ணாடி வந்து சேரும்வரை அடுப்பு தேவைப்பட்டால், அதே அளவுக்கு 3 எம்.எம். இரும்புத் தகடு வெட்டி, கண்ணாடி இருந்த இடத்தில் சூடு தாங்கும் ஃபைபர்கிளாஸ் நாடா வைத்து மாட்டிக்கொள்ளலாம். தீ கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அறை சூடாகும்.

எந்தக் கண்ணாடி?

கொதிக்கும் டீயை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் விரிசல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உட்பக்கம் சட்டென்று விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது. அந்த இழுபறியில்தான் கண்ணாடி உடைகிறது. அடுப்புக் கதவில் இதே இழுபறி ஒவ்வொரு நாளும் நடக்கிறது. நடுப்பகுதி தீக்கு நேரே நின்று 300, 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். ஓரமோ சட்டத்துக்குள் மறைந்து சூடு குறைவாகவே இருக்கும்.

40 செ.மீ. அகலக் கண்ணாடியை 300 டிகிரி சூடேற்றினால், சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். ஆய்வுக்கூடக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடி 0.4 மில்லிமீட்டர் விரியும். கிளாஸ் செராமிக் எனப்படும் மூன்றாவது வகை விரிவது அநேகமாகப் பூஜ்யம். நமக்கு வேண்டியது இந்த மூன்றாவதுதான்.

டஃபன் கண்ணாடி அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது, நீடித்த சூட்டைத் தாங்குவதற்கு அல்ல. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்து, அதன் மேற்பரப்பை இறுக்கமாக்கியிருக்கிறார்கள். அந்த இறுக்கம்தான் அதன் பலம். அடுப்பின் சூட்டில் தினமும் கிடந்தால் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். சுமார் 250 டிகிரிக்கு மேல் அதை நம்பக் கூடாது. அதற்கு முன்பே நடுவும் ஓரமும் வெவ்வேறு சூட்டில் இருப்பதால் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகச் சிதறிவிடலாம். கேஸ் ஸ்டவ்வின் கண்ணாடி மேல்தட்டும் டஃபன்தான். "அது அடுப்புச் சூட்டைத் தாங்குதே" என்று அதைக் காட்டி யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அங்கே தீ தட்டுக்கு மேலே எரிகிறது, இங்கே கண்ணாடி தீக்கு முன்னால் நிற்கிறது.

போரோசிலிகேட் தொடர்ச்சியாக 450 டிகிரி வரை தாங்கும். ஆனால் ஒரே கண்ணாடிக்குள் சூட்டு வித்தியாசம் நூறு டிகிரியைத் தாண்டினால் அதற்கும் ஆபத்துதான். இங்கே நாம் எரிப்பது பெரும்பாலும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்). காய்ந்த கற்பூர மரம் எப்படிச் சடசடவென்று பிடிக்கும் என்று தெரியும். அப்படிச் சட்டென்று சூடேறும் விறகு அடுப்புக்கு நான் போரோசிலிகேட்டைச் சொல்ல மாட்டேன்.

கிளாஸ் செராமிக் பிறந்த கதை சுவையானது. 1953-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் உலையில் வைத்தார். உலை கோளாறாகி 900 வரை ஏறிவிட்டது. கண்ணாடி உருகி ஓடியிருக்கும் என்று நினைத்துத் திறந்தால், பால்போல் வெளுத்த தகடு ஒன்று கிடந்தது. எடுக்கும்போது இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் வளர்ந்திருந்தன. இன்றைய அடுப்புக் கண்ணாடியில் இருக்கும் படிகங்கள் சூடானால் சற்றே சுருங்குபவை, சுற்றியுள்ள கண்ணாடி விரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் மொத்தத்தில் அளவு மாறுவதில்லை. 700 டிகிரி வரை அசையாமல் நிற்கும். ஷாட் நிறுவனத்தின் ரோபாக்ஸ், நிப்பான் எலக்ட்ரிக் கிளாஸின் நியோசெராம் ஆகியவை இந்த வகையில் பெயர்பெற்றவை.

பழைய எஸ்டேட் பங்களாக்களின் வார்ப்பிரும்பு அடுப்புகளில் சிறுசிறு கட்டங்களாக ஜன்னல் இருந்தால், அது கண்ணாடியே அல்லாமல் மைக்காவாக இருக்கலாம். நகத்தால் ஓரத்தை நெருடினால் ஏடு ஏடாகப் பிரியும். மைக்காவுக்கு மைக்கா தகடே வாங்குங்கள். கத்தரிக்கோலால் வெட்டலாம், மலிவும்கூட.

உடைந்த விதத்தைப் பாருங்கள்

நல்ல கிளாஸ் செராமிக் சூட்டினால் உடைவது அபூர்வம். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாக விரிசல் ஓடினால், விறகுக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கையில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். விரிசல் ஒரு ஸ்க்ரூ இருக்கும் ஓரத்திலிருந்து தொடங்கினால், அந்த ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அல்லது அங்கே நாடா தேய்ந்து இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொட்டிருக்கிறது. காரணம் தெரியாமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் போகும்.

உடைந்த துண்டை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து ஓரத்தைப் பாருங்கள். பச்சை அடித்தால் சாதாரணக் கண்ணாடி அல்லது டஃபன். கிளாஸ் செராமிக்கில் வெளிர்த் தேன்நிறம் மெல்லிசாகத் தெரியும். இந்தச் சோதனை கடையில் புதுக் கண்ணாடியைப் பார்க்கும்போதும் கைகொடுக்கும்.

அளவெடுப்பது

உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து அளந்தால் தப்பு வரும். கதவின் உட்பக்கத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தை அளங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள், உயரத்தையும் அப்படியே. மூன்றில் சிறியதை எடுத்துக்கொண்டு அதிலிருந்து 4 எம்.எம். கழியுங்கள். நாலு பக்கமும் 2 எம்.எம். இடைவெளி வேண்டும். அடுப்பு எரியும்போது இரும்புச் சட்டம் விரிந்து நெளிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, கண்ணாடியோ அசைவதில்லை. இடைவெளி இல்லாவிட்டால் சட்டம் கண்ணாடியை நெரித்துவிடும்.

மேல்பக்கம் வளைவாக இருந்தால் காலண்டர் அட்டையில் வெட்டி, பள்ளத்தில் பொருத்திப் பார்த்து, அந்த அட்டையையே அனுப்புங்கள். தடிமன் பெரும்பாலும் 4 அல்லது 5 எம்.எம்.; உடைந்த துண்டில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். கடைக்காரர்கள் இன்ச், நூல் கணக்கில் பேசுவார்கள். ஒரு நூல் என்பது 3 எம்.எம்.முக்குச் சற்று மேல், இந்த வேலைக்கு அது முரட்டு அளவு. எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

கடையில் பேசுவது

"பாய், விறகு அடுப்புக் கதவுக்கு கிளாஸ் செராமிக் வேணும்."

"டஃபனே போட்டுடலாம் அக்கா, கல்லு மாதிரி நிக்கும்."

"டஃபன் வேண்டாம் பாய். கிளாஸ் செராமிக், எழுநூறு டிகிரி தாங்குறது. வரவழைச்சுத் தர முடியுமா?"

இவ்வளவுதான், விடாமல் கேளுங்கள். மலையில் இருப்பு வைத்திருக்கும் கடை கிடைப்பது கஷ்டம். பாய்லர், உலைகளுக்குப் பார்வைக் கண்ணாடி விற்கும் தொழிற்சாலைப் பொருள் வியாபாரிகளைக் கோவையிலோ சென்னையிலோ விசாரியுங்கள், இணையத்திலும் தேடுங்கள். பில்லில் கண்ணாடியின் வகையும் சூட்டளவும் எழுதியிருக்க வேண்டும். "ஹீட் ப்ரூஃப்" என்ற சொல்லை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். டஃபனை வெட்ட முடியாது, கிளாஸ் செராமிக்கை வெட்டலாம். ஆனால் வெட்டிய விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், விரிசல் தொடங்குவதே கரடான விளிம்பிலிருந்துதான்.

கூடவே தட்டையான ஃபைபர்கிளாஸ் நாடாவும் (10 எம்.எம். அகலம் போதும்) கதவைச் சுற்றி ஓடும் ஃபைபர்கிளாஸ் கயிறும் வாங்கிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கழற்றுவது

முந்தின இரவே தீயை அணையவிட்டு, அடுப்பு முழுவதும் ஆறியபின் தொடங்குங்கள். தோல் கையுறை, மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. கதவை கீலிலிருந்து மேலே தூக்கிக் கழற்றி, மடித்த கம்பளியின்மேல் முகம் கீழாகப் படுக்கவையுங்கள். நிற்கும் கதவில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

பழைய அடுப்பாக இருந்து நாடா சாம்பல்வெள்ளையாக, பஞ்சாக உதிர்ந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்தோடு வழித்து, இரண்டு பையில் போட்டுக் கட்டுங்கள். உலர்ந்தபடி சுரண்டவோ, கம்பி பிரஷ் போடவோ கூடாது.

அடுத்து ஸ்க்ரூக்கள். நம் மலையின் ஈரக்காற்றில் அவை துருப்பிடித்து இறுகியிருக்கும், பொறுமை வேண்டிய இடமே இதுதான். டபிள்யூ.டி. 40 அடித்து ஓரிரவு விடுங்கள். மறுநாள் சரியான அளவு திருப்புளியை வைத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம் என்று மாற்றி மாற்றி அசையுங்கள். துரு நொறுங்கும் சத்தம் கைக்கே தெரியும். அசைய மறுத்தால் வலுக்கட்டாயம் வேண்டாம், மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். தலை முறிந்துபோனால் கதவை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், துளையிட்டுப் புதுமரை போட்டுத் தருவார்கள்.

கண்ணாடித் துண்டுகளை எடுத்தபின் பள்ளத்தைச் சுத்தமாகச் சுரண்டுங்கள் (ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் இருந்தால் மேலே சொன்னபடி நனைத்து ஈரத்தோடுதான்). எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். ஒரு நேரான ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். சட்டம் நெளிந்திருந்தால் புதுக் கண்ணாடிமேல் ஒரு மூலை மட்டும் அழுத்தும், அதை முதலில் பட்டறையில் சரிசெய்ய வேண்டும்.

மாட்டுவது

நாடாவைக் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி, இரு பக்கமும் மடிந்து வரும்படி ஒட்டுங்கள். இழுத்து ஒட்டாதீர்கள், இழுத்தால் மெலிந்துவிடும். முனைகள் கீழ்ப்பக்கத்தில் சந்திக்கட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டாம். கண்ணாடியில் சூட்டைத் திருப்பும் பூச்சு இருந்தால் எந்தப் பக்கம் உள்ளே வர வேண்டும் என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள், அதை மாட்டும்வரை உரிக்காதீர்கள்.

கண்ணாடியைப் பள்ளத்தில் இறக்கி, நாலு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்புகளை வையுங்கள். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எங்கும் நாடா இருக்க வேண்டும். புது ஸ்க்ரூக்களின் மரையில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்தமுறை கழற்ற நோகாது. எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் முறுக்குங்கள். பிறகு திருப்புளியால் எதிரெதிர் மூலையாக, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். முடித்தபின் கண்ணாடியின் ஓரத்தை விரலால் தள்ளினால் நாடாவுக்குள் லேசாக அசைய வேண்டும். ஆடிச் சத்தம் போடக் கூடாது, அசையவும் மறுக்கக் கூடாது. முறுக்கிப் பழகிய கைக்கு இது மனசுக்குத் திருப்தியாக இருக்காது, இன்னும் அரைச் சுற்று போடத் தோன்றும். போடாதீர்கள்.

கதவுக் கயிற்றையும் மாற்றியிருந்தால், கதவை மாட்டியபின் ஒரு தாள் துண்டை இடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் காற்று கசியும்.

முதல் தீ

முதல்நாள் சுள்ளிகளை வைத்துச் சின்னத் தீயே போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நாடாவின் பசை சற்று நேரம் வாடையடிக்கும். முழுவதும் ஆறவிட்டு ஸ்க்ரூக்களை ஒருமுறை பாருங்கள். நாடா அமுங்கி அவை தளர்ந்திருக்கும், மறுபடி முன்பிருந்த அதே லேசான இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் வழக்கம்போல் எரிக்கலாம்.

கண்ணாடி சீக்கிரமே கறுத்துவிட்டால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது காற்றுத் துவாரத்தை ரொம்ப மூடி வைத்திருக்கிறீர்கள். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுக்கும். அதனால் அந்த வருடக் குளிருக்கான விறகை ஜனவரியிலிருந்து மே வரை உள்ள வெயிலிலேயே பிளந்து காயவைத்து, மழைக்கு முன் கூரைக்கடியில் அடுக்கிவிட வேண்டும். படிந்த கரியை, ஆறிய கண்ணாடியில், நனைத்த செய்தித்தாளால் சலித்த சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் போடாதீர்கள், கீறல் விழும்.

உடைந்த கிளாஸ் செராமிக் துண்டுகளைப் பாட்டில்களோடு சேர்த்துப் பழைய சாமான் கடையில் போட வேண்டாம். பாட்டில் உருகும் சூட்டில் அது உருகாது, புதுப் பாட்டிலுக்குள் கல்லாகத் தங்கி அதை உடைக்கும். தடித்த அட்டையில் சுற்றி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று எழுதி, குப்பை எடுக்க வருபவரின் கையில் சொல்லிக் கொடுங்கள்.