ஷேர்டு பாயின்டர்: கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்கட்டும்

புகைப்பட ஆல்பம் காட்டும் ஒரு புரோகிராமை சி++-இல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே படத்தைப் பட்டியலும் பிடித்திருக்கும், பெரிதாக்கிக் காட்டும் ஜன்னலும் பிடித்திருக்கும், பிரிண்ட் எடுக்கும் பகுதியும் பிடித்திருக்கும். பயனர் எதை முதலில் மூடுவார் என்று சொல்ல முடியாது. அப்படியானால் டிலீட் போட்டுப் படத்தின் மெமரியை விடுவிப்பது யார் பொறுப்பு? கடைசியாக அறையை விட்டுப் போகிறவர் விளக்கை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். பாயின்டர் என்றால் மெமரியில் ஓர் ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டுவது; ஒரே ஆப்ஜெக்டைப் பலர் பங்கிட்டுப் பிடிக்க உதவும் ஷேர்டு பாயின்டர் செய்வதும் அதுவே. பூஸ்ட் என்ற சி++ நூலகத்தில் புழங்கிய இது, 2011-இல் சி++11 வந்தபோது மொழியின் தரத்திலேயே சேர்ந்துவிட்டது.

ஆப்ஜெக்டுக்குத் துணையாக கன்ட்ரோல் பிளாக் என்று சின்னதாக ஓர் இடம் உண்டு. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். பாயின்டரைக் காப்பி எடுத்தால் ஒன்று கூடும், ஒரு காப்பி மறைந்தால் ஒன்று குறையும். பூஜ்ஜியம் ஆன கணமே, ஆப்ஜெக்டை முடித்துவைக்கும் டிஸ்ட்ரக்டர் ஓடும்.

ஆனால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பொருளுக்கு உண்மையிலேயே பல உரிமையாளர்களா? ஒருவர்தான் என்றால் யூனிக் பாயின்டர் போதும். ஒரு ஃபங்ஷன் சும்மா படித்துப் பார்க்க மட்டும் கேட்கிறதா, ரெஃபரன்ஸ் (உரிமை தராத மறுபெயர்) கொடுங்கள். எல்லா இடத்திலும் ஷேர்டு பாயின்டரைத் தூவிய கோடில் எது எப்போது சாகும் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சரி, பங்கு தேவைதான் என்று முடிவானால் மேக் ஷேர்டு என்ற ஃபங்ஷன் கொண்டே உருவாக்குங்கள். ஆப்ஜெக்டுக்கும் கன்ட்ரோல் பிளாக்குக்கும் சேர்த்து ஒரே தடவை மெமரி வாங்கும். நியூ போட்டு வாங்கிய ஒரே வெறும் பாயின்டரிலிருந்து இரண்டு ஷேர்டு பாயின்டர்களை மட்டும் உருவாக்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. இரண்டும் டிலீட் செய்யும், புரோகிராம் விழும். கிளாஸுக்குள்ளிருந்து தன்னையே வெளியே கொடுக்க வேண்டியிருந்தால், எனேபிள் ஷேர்டு ஃப்ரம் திஸ் என்ற அடிப்படை கிளாஸிலிருந்து அந்த கிளாஸை வருவித்து, ஷேர்டு ஃப்ரம் திஸ் என்று கேளுங்கள். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் அதைக் கூப்பிடக் கூடாது. அப்போது உரிமையாளரே இன்னும் உருவாகவில்லை.

என்னை இரண்டு நாள் உட்காரவைத்தது வேறு. ஆல்பத்தைத் திறந்து மூடி, திறந்து மூடி, மெமரி ஏறிக்கொண்டே போனது. ஆல்பம் கிளாஸின் டிஸ்ட்ரக்டரில் ‘ஆல்பம் போயிற்று’ என்று ஒரு வரி அச்சிட வைத்தேன். பத்து ஆல்பம் மூடினேன், ஒரு வரிகூட வரவில்லை. ஆல்பம் தன் பக்கங்களை ஷேர்டு பாயின்டரால் பிடித்திருந்தது. பக்கமோ, தலைப்பைக் காட்டுவதற்காக, ஆல்பத்தை இன்னொரு ஷேர்டு பாயின்டரால் பிடித்திருந்தது. ஜன்னல் மூடி வெளியே எல்லோரும் விட்டுவிட்ட பிறகும் இவை இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நிற்கின்றன. எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

இதற்கு மருந்து வீக் பாயின்டர். அது எண்ணிக்கையில் சேராது, பார்க்கும், பிடித்துவைக்காது. எது எதற்குச் சொந்தம் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள்: ஆல்பத்திலிருந்து பக்கத்துக்குப் போகிற அம்பு உரிமை, திரும்பி வருகிற அம்பு வெறும் பார்வை. திரும்பி வருவதை வீக் பாயின்டராக மாற்றுங்கள். பயன்படுத்தும்போது லாக் கூப்பிட்டு (ஆப்ஜெக்ட் இன்னும் இருந்தால் ஷேர்டு பாயின்டர் தரும், இல்லையென்றால் காலியாகத் தரும்), கிடைத்ததை ஒரு லோக்கல் மாறியில் வைத்து, காலியா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஆப்ஜெக்ட் போய்விட்டதா என்று எக்ஸ்பயர்டு மூலம் முதலில் சோதித்து அப்புறம் லாக் கேட்பதில் பயனில்லை. அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் (அதே புரோகிராமில் கூடவே ஓடும் வேலை) கடைசிக் காப்பியை விட்டுவிடலாம்.

த்ரெட் என்றதும் இன்னொன்று. கன்ட்ரோல் பிளாக்கில் உள்ள எண்ணிக்கைக்குத்தான் பாதுகாப்பு உண்டு, உள்ளே இருக்கும் படத்துக்கு இல்லை. இரண்டு த்ரெட்கள் அதே படத்தை மாற்றினால் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் மியூடெக்ஸ் பூட்டை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

பக்கத்திலிருந்த அந்த ஒரே ஒரு மாறியை வீக் பாயின்டராக்கி, மறுபடி பத்து ஆல்பம் திறந்து மூடினேன். ‘ஆல்பம் போயிற்று’ என்று பத்து வரி வந்தது.