வியாழனை போட்டோ எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள்

டெலஸ்கோப்பில் வியாழனையோ சனியையோ பிடிக்க ஒற்றை போட்டோவாக எடுத்துத் தள்ளாமல், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் போனைப் பொருத்தி, வெறும் வெள்ளைப் பொட்டாகத் தெரிவது மாறிப் பட்டைகள் தெரியும்வரை எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்சத்தை) குறைத்து, 2 நிமிடம் வீடியோ எடுங்கள். காற்று அலைபாய்வதால் பிம்பம் ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். நொடிக்கு 30 படம் (30 எஃப்பிஎஸ்) வீதம் கிடைக்கும் 3,600 ஃபிரேமில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தர ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. போன் வீடியோவை முதலில் ஏவிஐ என்ற வீடியோ ஃபைல் வகைக்கு மாற்றிக்கொண்டால் தொல்லை இல்லை. ஆசைப்பட்டு 10 நிமிடம் எடுத்துவிடாதீர்கள், வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுவதால் விவரமெல்லாம் இழுபட்டுவிடும். ஃபோகஸே தப்பு என்றாலோ, கோள் அடிவானத்தை ஒட்டி இருந்தாலோ இது பெரிதாக உதவாது. நெபுலாவுக்கும் (விண்வெளியின் மங்கலான வாயு, தூசு மேகம்) சரிப்படாது, அதற்கு நீண்ட எக்ஸ்போஷர்தான்.