முப்பது நாள் வேலைக்குப் பத்து நாள் இலக்கு வைப்பது எப்படி?

சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் கிழங்கு வரத்து நின்றதும் எந்திரங்களைப் பிரித்துச் சீர்செய்யும் வேலை தொடங்கும். ஒவ்வோர் ஆண்டும் முதலாளி சொல்வது ஒன்றுதான்: "போன தடவையைவிட ரெண்டு நாள் முன்னால முடிச்சிருங்க." வேலையும் இரண்டு நாள் முன்னதாக முடியும், அல்லது முடியாது. இரண்டில் எது நடந்தாலும் வேலை செய்யும் முறை மாறியிருக்காது. நூற்றுக்கு ஐந்து, பத்து என்று குறைக்கச் சொன்னால் மனிதர்கள் அதே வேலையை அதே வழியில் கொஞ்சம் விரைந்து செய்கிறார்கள். மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னால் பழைய வழியில் அது முடியாது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேறு வழியைத் தேடவைப்பது ஒன்றே இத்தகைய கடும் இலக்கின் பயன் என்பதால், ஆட்களை விரட்டுவதற்காக அதை வைக்க நினைப்பவர்கள் வைக்காமல் இருப்பதே நல்லது.

இதற்குத் தொழில் உலகில் நன்கு அறியப்பட்ட சான்று, 1969இல் டொயோட்டா ஆலையில் நடந்த அச்சு மாற்றம். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஆயிரம் டன் பிரஸ் எந்திரம் ஒன்றில், அந்த வடிவத்தைத் தரும் ஓர் அச்சைக் கழற்றி மற்றொன்றை மாட்ட நான்கு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஆறு மாதம் உழைத்து அதை ஒன்றரை மணி நேரமாக்கினார். அதன்பின் நிர்வாகம் மூன்று நிமிடம் என்று இலக்கு வைத்தது. அடுத்த மூன்று மாதங்களில் அதையும் அவர் எட்டினார். எந்திரம் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று அவர் பிரித்துப் பார்த்தார். பிறகு முதல் வகையிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் இரண்டாம் வகைக்கு நகர்த்தினார். நம் ஊர்ச் சேகோ ஆலைக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் இந்த ஒரு பிரிவினையே போதிய மூலதனம்.

நமக்கு நெருக்கமான இன்னொரு சான்றும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது அதைச் சீரமைக்க ஆறு மாதக் கெடு வைக்கப்பட்டு, பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலுக்குள் விழுந்த இரும்பு கர்டர்களைத் தேடி மீட்டுத் திரும்பப் பயன்படுத்தியது அந்த வேகத்துக்கு முக்கியக் காரணம். ஆறு மாதம் கையில் இருந்திருந்தால் புதிய கர்டர்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே இயல்பான வழியாகத் தோன்றியிருக்கும்.

இலக்கு வைப்பதற்கு முன் அளக்க வேண்டும். சென்ற ஆண்டு வேலை எத்தனை நாள் ஆனது என்று கேட்டால் முப்பது நாள் என்பார்கள். அந்த முப்பதில் எந்திரத்தின்மேல் கை பட்ட நாட்கள் எத்தனை, காத்திருந்த நாட்கள் எத்தனை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆகவே ஒரு பருவம் முழுக்க ஒரு கோடு போட்ட நோட்டில், ஒவ்வொரு வேலைக்கும் எதிரே தொடங்கிய நேரம், நின்ற நேரம், நின்ற காரணம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். ராஸ்பர் எனப்படும் அரவை எந்திரத்தையும் அதன் மோட்டாரையும் மாற்றிய ஓர் ஆலையில் நான் அப்படி எழுதியபோது, முப்பது நாளில் ஒன்பது நாள்தான் உண்மையான வேலை என்று தெரிந்தது. மீதி நாட்களில் ஏழு, புதிய அடித்தளக் கான்கிரீட் இறுகுவதற்கானவை. மற்றவை கிரேன் வருவதற்கும், பேரிங் வாங்கிவர முதலாளியின் கையொப்பத்துக்கும், லேத் பட்டறையில் நம் முறை வருவதற்கும் காத்திருந்தவை.

அளந்தபின் எல்லா வேலைகளையும் சுருக்க முனைய வேண்டாம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று கோத்துக்கொண்டு போகும் மிக நீளமான சங்கிலி எது என்று கண்டுபிடித்து, அதில் மட்டும் கை வையுங்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் தன் லூயிவில் ஆலையின் பராமரிப்பு நிறுத்தத்தில் இந்த முறையைக் கையாண்டு, 125 மணி நேரத்தை முதலில் 93 ஆகவும் பின்பு 78 ஆகவும் குறைத்தது. நம் ஆலையில் சல்லடைகளை ஐந்து நாளில் மாற்றினாலும் எட்டு நாளில் மாற்றினாலும் முடிவுத் தேதி நகரவில்லை. அடித்தளம் ஒரு நாள் தள்ளினால் எல்லாம் ஒரு நாள் தள்ளியது.

இனி எண்ணைக் குறிக்கலாம். நீண்ட சங்கிலியில் உள்ள உண்மையான வேலை நாட்களைக் கூட்டி, அதற்குச் சற்று மேலே இலக்கை வையுங்கள். ஒன்பது நாள் என்றால் பத்து. இப்படிக் கணக்கிலிருந்து வரும் எண்ணுக்கு மட்டுமே பட்டறையில் மதிப்பு இருக்கும்; ஆசையிலிருந்து வரும் எண்ணை மூத்த பிட்டர் ஒரே பார்வையில் எடைபோட்டுவிடுவார். அதனால் அறிவிக்கும் முன் அவரிடம் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். நான் காட்டியபோது எங்கள் பிட்டர் அண்ணன், "பத்து நாளுங்களா? கான்கிரீட் காயவே ஏழு நாள் வேணுமுங்களே" என்றார். "ஏழைக் குறைக்க வேண்டாங்கண்ணா, அதை எங்கே வைக்கிறதுன்னு பாருங்க" என்றேன். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சீசன் ஓடும்போதே பக்கத்துல புதுசா ஒரு மேடை போட்டுறலாமுங்க, பழசை உடைக்கவே வேண்டாம்" என்றார்.

அப்படியே செய்தோம். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாவு பிழிந்த சக்கையான திப்பி விழும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் குழி எடுத்துக் கம்பி கட்டினோம். புதிய மோட்டாரின் அடிப்பலகையை அளந்து, பத்து மில்லிமீட்டர் தகட்டில் அதே துளைகளைப் போட்டு, அந்தத் தகட்டிலிருந்து போல்ட்டுகளைத் தொங்கவிட்டபடி கான்கிரீட் ஊற்றினோம். தகட்டை நான்கு மூலையிலும் இரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். போல்ட் இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பின்னால் மோட்டாரின் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும் வேலை வந்து, சேமித்த நாளை அதுவே தின்றுவிடும். ஆலை நின்ற அன்று மேடை இறுகித் தயாராக இருந்தது. பத்து நாள் இலக்கில் பன்னிரண்டாம் நாள் மாலை தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தோம்.

இலக்கை எழுதிவைக்கும் கரும்பலகையிலேயே, தொடக்கூடாத எல்லைகளையும் எழுதுங்கள். கான்கிரீட் இறுகும் நாட்கள், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் முன் மின்காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்க்கும் சோதனை, மெயின் சுவிட்சில் பூட்டைப் போட்டுச் சாவியை எந்திரத்துக்குள் இறங்குகிறவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம், உயரத்தில் ஏறுகிறவருக்குப் பாதுகாப்புப் பட்டை ஆகியவற்றில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கக்கூடாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு எந்திரம் ஏற்றுகிறவர் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு பேரம் பேச முடியாது. லாரியின் நீளத்தைத்தான் குறைக்க வேண்டும். இவையும் அத்தகைய வளைவுகளே.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பத்து நாள் கதையைக் கேள்விப்பட்ட வேறோர் ஆலையில், வேலை தொடங்கிய பிறகு அதே இலக்கை வைத்தார்கள். முன்கூட்டி மேடை போட நேரமில்லாததால் கான்கிரீட்டுக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது. நான் அங்கு ஆலோசனைக்குச் சென்றிருந்தும் உரக்கத் தடுக்கவில்லை. பலகையில் "முடிந்தது" என்று எழுதப்பட்டது. கிழங்கு அரைக்கத் தொடங்கிய மூன்றாம் வாரம் போல்ட்டுகள் ஆடி, மோட்டாரையும் எந்திரத்தையும் இணைக்கும் கப்ளிங் விரிசல் விட்டது. களத்தில் குவிந்த கிழங்கு ஈரத்தோடு கருக்கத் தொடங்கியதை விவசாயிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே எப்போதும் இரண்டு தேதிகள் வேண்டும். பத்தாம் நாள் என்பது பட்டறைக்குள் மட்டும் பேசும் இலக்கு நாள். கிழங்கு வியாபாரிக்கும் விவசாயிக்கும் சொல்வது வாக்கு நாள். அதைப் பதினெட்டு என்று வையுங்கள். இலக்கு நாள் தவறினால் யாருக்கும் கூலி குறையக்கூடாது, ஏச்சும் விழக்கூடாது. தண்டனையோடு கட்டிய கடும் இலக்கு, உண்மையான எண்ணை மறைக்கக் கற்றுக்கொடுக்கும். குறிப்பான, கடினமான இலக்கு "முடிந்தவரை செய்" என்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று எட்வின் லாக், கேரி லேத்தம் ஆகிய ஆய்வாளர்கள் காட்டினர். செய்கிறவர் அந்த இலக்கைத் தமதாக ஏற்றிருக்க வேண்டும், அதற்கான திறனும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

வேலை நடக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்குப் பலகையின் முன் பத்து நிமிடம் நின்று, இன்று எதற்காகவாவது காத்திருக்கப் போகிறோமா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். சிறு செலவுகளுக்கு மேஸ்திரியிடமே பணம் கொடுத்துவிடுங்கள். ஒரு பேரிங்குக்காகச் சேலம் டவுனுக்குப் போய்வர அரை நாள் ஆகலாம்; அதற்கான கையொப்பத்துக்கு இரண்டு நாள் ஆகக்கூடாது.

சென்ற பருவத்தில் நட்டப்பட்டு, ஆட்களும் பாதி விலகி, உதிரிபாகம் வாங்கவும் கையில் பணம் இல்லாத ஆலை இந்த ஆண்டு இதைத் தொடக்கூடாது. கடும் இலக்கால் மீண்டுவிடலாம் என்ற ஆசை அங்கேதான் அதிகமாக எழும். புது வழியைச் சோதித்துப் பார்க்கவும், அது தவறினால் தாங்கவும் தேவையான இருப்பு அங்கேதான் இல்லை. அவர்கள் இந்தப் பருவம் நோட்டை மட்டும் எழுதட்டும்.

இலக்கை எட்டியவர்களும் அடுத்த ஆண்டே மறுபடி மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டாம். புதிய முறை புதிய ஆட்களின் கையிலும் அதே நாளில் முடிகிறதா என்று ஒரு பருவமாவது பாருங்கள். துளையிட்ட அந்தத் தகட்டை எண்ணெய் தடவி, எந்த மோட்டாருக்கானது என்று பெயின்டில் எழுதி, ஸ்டோர் சுவரில் மாட்டி வையுங்கள்.