நாளுக்கு முக்கால் மணி நேரம்: கிருஷ்ணகிரி, தருமபுரிச் சிறு வணிகர்களுக்கான சமூக ஊடகப் பழக்கங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம் விற்பவர்களின் இன்ஸ்டாகிராம் கணக்குகளை ஓர் ஆண்டு முழுவதும் கவனித்தால், பெரும்பாலானவை ஒரே மாதிரி நடந்துகொள்வது தெரியும். சித்திரையில் கணக்கு விழித்துக்கொள்கிறது. முதல் வாரத்தில் நாளுக்கு ஏழெட்டுப் படங்கள் ஏறுகின்றன. வைகாசியில் வேலை நெருக்கும்போது அது ஒன்றாகக் குறைகிறது. ஆடி பிறந்ததும் அடுத்த சித்திரை வரை சத்தமே இல்லை. சென்ற ஆண்டு பெட்டி பெட்டியாக வாங்கிய பெங்களூர் வாடிக்கையாளர் இதற்குள் வேறொரு தோப்புக்காரரைக் கண்டுபிடித்திருப்பார். இதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல. கடை திறப்பதற்கும் கணக்கு முடிப்பதற்கும் நாளில் ஓர் இடம் இருப்பதுபோல இந்த வேலைக்கு ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதே காரணம். ‘நேரம் கிடைக்கும்போது போட்டுக்கொள்ளலாம்’ என்று விட்ட வேலைக்கு வியாபாரத்தில் எந்நாளும் நேரம் கிடைப்பதில்லை.

ஆகவே நேரத்தைத் தேடாமல், ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிட வேண்டும். காலையில் தோப்புக்கோ மண்டிக்கோ போய்ச் சேர்ந்தவுடன் படம். மதியச் சாப்பாடு முடிந்தவுடன் பதில். இரவு கல்லாக் கணக்கு முடித்தவுடன் மீதிப் பதிலும் மறுநாளைய பதிவும். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் போதும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தை முதல் நாளில் தொடங்கினால் பங்குனியில் பழக்கம் ஓரளவு படிந்திருக்கும். காய் இறங்கும்போது இதை யோசித்துச் செய்ய வேண்டியிருக்காது.

மூன்றில் எது முதன்மையானது என்று கேட்டால், பெரும்பாலோர் பதிவைத்தான் சொல்வார்கள். என் கணிப்பில் பதில்தான் முதலில் நிற்கிறது. பதிவைப் பார்த்து விலை கேட்டவர் வாங்கும் மனநிலையில் இருக்கிறார். அவருக்கு ஆறு மணி நேரம் கழித்து ‘டிஎம் (தனிச்செய்தி) பாருங்கள்’ என்று எழுதுவது, கடை வாசலில் நிற்பவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தூங்குவதற்குச் சமம். விலையைப் பொதுவில் எழுதத் தயங்குபவர்கள் உண்டு. போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். பக்கத்துத் தோப்புக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாதவர் வாங்க வந்தவர் ஒருவர்தான்.

பதில் வேலையை எளிதாக்க, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உள்ள விரைவுப் பதில் வசதியை முதல் வாரத்திலேயே அமைத்துவிடுங்கள். 2018 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்தச் செயலியைப் பல கடைக்காரர்கள் பெயர் மாற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு நிதானமாக ஒரு முறை பதில் எழுதிச் சேமித்துவிட்டால், பிறகு சாய்கோட்டுக் குறியுடன் (/) ஒரு சிறு சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். மாம்பழத்தைப் பொறுத்தவரை கேள்விகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: இன்று என்ன ரகம், கிலோ என்ன விலை, பெங்களூருக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாளில் பழுக்கும், கார்பைடு போட்டதா.

கடைசிக் கேள்விக்கான பதிலில் சற்று உழைக்க வேண்டும். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று எல்லோரும் எழுதும் வரியை எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. ‘காயாகவே அனுப்புகிறோம், வைக்கோலில் வைத்தால் நான்கைந்து நாளில் பழுக்கும், பழுத்ததும் காம்படியில் மணம் வரும்’ என்றோ, ‘எத்திலீன் அறையில் பழுக்க வைக்கிறோம், அது அனுமதிக்கப்பட்ட முறை’ என்றோ எது உண்மையோ அதை எழுதுங்கள். இமாம் பசந்த் ரகம் விற்பவர்கள், பழுத்த பின்னும் அதன் தோலில் பச்சை முழுதாகப் போகாது என்பதைப் பெட்டி போய்ச் சேருவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது; சொல்லாவிட்டால் ‘காயை அனுப்பிவிட்டீர்கள்’ என்ற புகார் படத்தோடு வந்து சேரும்.

இனிக் காலைப் படம். செல்பேசியின் லென்ஸைச் சட்டை நுனியால் ஒரு முறை துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மங்கலாக வரும் படங்கள் பலவற்றுக்கு விரல் எண்ணெய்தான் காரணம். வெயில் ஏறுவதற்கு முன் உள்ள ஒளி போதும், செயலியின் வண்ணக் கூட்டல் எதுவும் வேண்டாம். செந்தூராவின் சிவப்பை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கிக் காட்டினால், பெட்டியைத் திறப்பவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். பழத்தை மட்டும் எடுக்காமல், கையில் பிடித்தபடியோ தராசுத் தட்டில் எடை எண் தெரியும்படியோ எடுத்தால் பார்ப்பவருக்கு அளவு புரியும். பழத்தைவிடப் பழத்தைச் சுற்றி நடக்கும் வேலைக்கே நல்ல காணொளி அமைகிறது. காம்பை ஒடித்தவுடன் பால் வடிவதையும், அது தோலில் பட்ட இடம் பிறகு கறுத்துத் தழும்பாவதையும், அதைத் தவிர்க்கக் காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிடுவதையும் இருபது விநாடியில், செங்குத்தாகப் பிடித்து எடுத்துவிடலாம். அந்தத் தழும்பை அழுகல் என்று எண்ணித் திருப்பியனுப்பத் துடிக்கும் வாடிக்கையாளர்களுக்கு அந்த ஒரு காணொளி ஆண்டுதோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கிளிமூக்கு ரகம் மட்டும் பயிரிடுபவர்களுக்கு ஒரு சொல்: அதன் பெரும்பகுதி மாங்கூழ் ஆலைகளுக்குத்தான் போகிறது என்பதால், வாங்குபவர் ஆலையாக இருக்கும்போது இன்ஸ்டாகிராமுக்கு உழைப்பதைவிட மண்டி நிலவரத்தைப் பார்ப்பது பயன் தரும்.

சீசன் இல்லாத மாதங்களில் எதைப் போடுவது என்பதில்தான் பழக்கம் முறிகிறது. ஆனால் மாமரத்துக்கு விடுமுறை கிடையாது. மார்கழி, தையில் பூ. அதன்மேல் பனியும் மூடுபனியும் விழுந்தால் விவசாயியின் கவலை. மாசி, பங்குனியில் பிஞ்சு உதிர்வதும் மாவடுவும். அறுவடை முடிந்த பின் கிளைகளைக் கழிக்கும் கவாத்து. வாரம் ஒரு படம் போட்டால்கூட, சித்திரையில் நீங்கள் விலை சொல்லும்போது அந்த மரத்தைப் பூவிலிருந்து பார்த்து வந்தவர்கள் பலர் இருப்பார்கள். புளி வணிகர்களுக்கு இதே காலம் நேர்மாறாக அமைகிறது. தையிலிருந்து பங்குனி வரை ஓடு உடைத்து, நாரெடுத்து, கொட்டை நீக்கும் வேலை வீட்டு வாசல்களிலேயே நடப்பதால், படத்துக்கு எங்கும் போக வேண்டியதில்லை. வேலை செய்யும் பெண்களிடம் முகம் தெரியலாமா என்று கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை, கை மட்டும் தெரிந்தாலும் காணொளி குறைவுபடாது. தருமபுரியில் சாமையும் கேழ்வரகும் விற்பவர்களுக்குப் பருவச் சிக்கல் குறைவு. அவர்களுடைய வாடிக்கையாளரின் கேள்வி எப்போதும் ‘இதை எப்படிச் சமைப்பது, தண்ணீர் எத்தனை பங்கு’ என்பதாகவே இருப்பதால், நாளுக்கொரு சமையல் குறிப்பே பதிவாகிவிடும். பொட்டலமிட்டு விற்பவர்கள் லேபிளில் உள்ள உணவுப் பாதுகாப்பு உரிம எண் படத்தில் தெளிவாகத் தெரியும்படி வைக்கட்டும்.

பதிவின் எழுத்து வேலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வரியில் ரகம், விலை, ஊர் மூன்றும் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் நான்கைந்துக்கு மேல் தேவையில்லை. பண்டிகை வாழ்த்துப் படங்களால் யாரும் எதையும் வாங்குவதில்லை. ஓசூர்ப் பக்கம் விற்பவர்கள் தமிழுக்குக் கீழே கன்னடத்திலோ தெலுங்கிலோ ஒரு வரி சேர்த்தால், சந்தையில் அன்றாடம் பேசும் மொழியிலேயே பதிவும் பேசும். ஒரே உட்காரலில் வாரத்துக்கான பதிவுகளைத் தயார் செய்ய விரும்பினால், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவுகளை நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் நாளும் நேரமும் குறித்து வைத்துவிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எந்த நேரம் என்பதற்கு ஊரார் சொல்லும் பொன்னான நேரங்களை நம்ப வேண்டாம். கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால், உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது இணையத்தில் இருக்கிறார்கள் என்பதை இன்ஸ்டாகிராமே இன்சைட்ஸ் பகுதியில் காட்டும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலை வைத்திருப்பவர்கள் ஒரு நுணுக்கத்தை அறிந்திருக்க வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் செல்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் ஆர்டர் முடிந்தவுடன் ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த லோடு வரும்போது சொல்கிறோம்’ என்று எழுதுவதையும் இரவுப் பழக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலுக்கு வாரத்தில் இரண்டு செய்திக்கு மேல் அனுப்பாமல் இருந்தால் யாரும் உங்கள் எண்ணை பிளாக் செய்ய மாட்டார்கள்.

வாரக் கடைசியில் கணக்கு. லைக் எண்ணிக்கையைப் பார்ப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், கல்லாவுக்கு உதவாது. ஒரு சாதாரண நோட்டில் தேதி, ஆர்டர், எங்கே பார்த்தார் என்ற மூன்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் ‘எங்களை எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டு எழுதி வாருங்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்த நடனக் காணொளியால் ஓர் ஆர்டரும் வராமல், நாற்பது பேர் மட்டும் பார்த்த ஸ்டேட்டஸால் ஆறு பெட்டி போயிருப்பது அதில்தான் தெரியவரும். படம் குறைவாகப் பார்க்கப்பட்டாலும், பலர் சேமித்து வைத்தோ பிறருக்கு அனுப்பியோ இருந்தால், அந்த வகைப் பதிவை அடுத்த வாரமும் போடுங்கள்.

இரவுக் கால் மணியில் கடைசியாக ஒரு பார்வை பாதுகாப்புக்குத் தேவை. வணிகக் கணக்குகளுக்கு ‘நீலக்குறி வழங்குகிறோம்’, ‘உங்கள் பக்கம் முடக்கப்படும்’ என்று வரும் செய்திகளில் உள்ள இணைப்பைத் தொடக்கூடாது. உங்கள் செல்பேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. மொத்தமாக ஐம்பது பெட்டி வேண்டும் என்று சொல்லி, முன்பணம் அனுப்புவதாகக் கியூஆர் குறியை அனுப்புபவர்களிடம் குறிப்பாக எச்சரிக்கை வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை இடவேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. கணக்குக்குள் நுழைய இரண்டாவது குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்கி வையுங்கள், வாடிக்கையாளர் எண்களை மாதம் ஒரு முறை வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.