முதல் நேர்காணலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஆய்வேட்டுக்குப் பண்புசார் ஆய்வு (எண்களை வைத்தல்ல, மக்கள் சொல்வதை வைத்துச் செய்வது) என்று முடிவானதும் முறையியல் புத்தகங்களாக வாசித்துத் தள்ளினேன். மூன்று மாதம் போனது. அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர் அக்கா ஒருவரின் முன்னால் உட்கார்ந்து, "உங்கள் பணிச்சூழல் திருப்தியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்குது கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே முதலில் தெரிந்தவர் ஒருவரிடம் ஒத்திகை பாருங்கள். ஒத்திகையானாலும் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். வேண்டாமென்றால் எப்போதும் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். கருத்து கேட்காதீர்கள், நேற்றைய நாளைக் கேளுங்கள்: "காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கக்கா." அவர் நிறுத்தினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அவரே தொடர்வார். இல்லையென்றால் "அப்புறம்?" போதும்.

பதிவை நீங்களே எழுத்தாக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. எங்கெல்லாம் குறுக்கே விழுந்தோம் என்பது அப்போதுதான் காதில் விழும், கூச்சமாகவும் இருக்கும்.

அடுத்தது குறியிடல், அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு சிறு பெயர் வைப்பது. அந்த டெய்லர் அக்காவிடம் மறுபடி பேசியபோது அவர் ஒன்றரை ஷிப்ட் பற்றிச் சொன்ன இடத்தில் "கூடுதல் நேர வேலை" என்று ஓரத்தில் எழுதினேன். மறுபடி வாசித்தால், அவர் பேச்சில் 'கூடுதல்' என்ற எண்ணமே இல்லை. ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்டிய நாளை "சீக்கிரம் வந்துட்டேன்" என்கிறார்! ஒன்றரை ஷிப்ட்தான் அவருக்கு ஒரு நாள். என் குறியை அடித்துவிட்டு அவர் வார்த்தையையே எழுதினேன். ஒரு அத்தியாயமே அதிலிருந்து வந்தது. இவ்வளவும் ஆன பிறகு, ஆய்வாளர்கள் பிரானும் கிளார்க்கும் 2006இல் எழுதிய, கருப்பொருள் பகுப்பாய்வின் (குறிகளைச் சேர்த்து அவற்றில் ஓடும் பொதுக் கருத்துகளைக் கண்டெடுப்பது) ஆறு கட்டங்களை வாசியுங்கள், புரியும். மென்பொருளுக்கு அவசரமில்லை, கலர் பென்சில் போதும். பிறகு வேண்டுமானால் டேகெட் (Taguette) என்ற குறியிடும் மென்பொருள் இலவசம்.

எத்தனை பேர் என்று கைடு கேட்பார். பலரும் 12 என்பார்கள். அந்த எண் கெஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களிலிருந்து வந்தது. ஓரளவு ஒரே மாதிரியானவர்களுக்குத்தான் அது பொருந்தும். டெய்லர், செக்கிங், காண்ட்ராக்டர் என்று கலந்தால் 12 காணாது.

நகல்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் கர்நாடகக் கிராமமொன்றில் 1948இல் தொடங்கிய கள ஆய்வுக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் தொகுத்து வைத்திருந்தார். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது அதன் மூன்று நகல்களும் ஒரே இடத்தில் இருந்தன. என்னுடையதில் ஒன்று ஊரில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.